மழைக்கால நத்தை: விஷம் வைக்காமல் செடியைக் காப்பது

ஐப்பசியில் இரண்டு நாள் விட்டு விட்டு மழை பெய்தால் போதும், நேற்று இரண்டு இலை விட்டிருந்த அவரை நாற்றில் இன்று காலை வெறும் தண்டு நிற்கும். தின்றது யார் என்று முதலில் பாருங்கள். இலை மேல் கருமையான குருணை எச்சம் கிடந்தால் அது புழு. காய்ந்த பசைக்கோடு வெயிலில் வெள்ளியாய் மினுங்கினால் நத்தை. சந்தேகம் தீராவிட்டால் இரவு 8 மணிக்கு மேல் டார்ச்சோடு ஒரு சுற்று வந்தால் தெரிந்துவிடும்.

நம் தோட்டங்களில் பெரும் சேதம் செய்வது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. ஓடு கூம்பாக நீண்டு, பழுப்புப் பட்டை போட்டிருக்கும். 1847இல் பென்சன் என்ற நத்தை ஆர்வலர் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் விட்டது, இன்று பப்பாளி, வாழை, சாமந்தி, முட்டைக்கோஸ் என்று எதையும் விடுவதில்லை. ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதால் வெள்ளையடித்த மதிலைக்கூடச் சுரண்டும். அடுத்தது ஓடில்லா நத்தை. தட்டையான உடம்பு, கருப்பு அல்லது பழுப்பு நிறம், முதுகின் நடுவே வெளிறிய கோடு. அட்டை என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். இது இரத்தம் உறிஞ்சாது. பகலில் தொட்டியின் அடி ஓட்டையில் ஒடுங்கிக் கிடக்கும். இவை தவிர்த்த சின்னச் சின்ன நத்தைகளில் பல, மக்கிய இலையையும் பாசியையும் தின்று பிழைப்பவை. செடியைக் கடிக்கும்போது பிடிபடாதவற்றை விட்டுவிடுங்கள்.

கடையில் நத்தைக்கு மருந்து கேட்டால் பெரும்பாலும் மெட்டால்டிஹைடு என்ற விஷக் குருணையை எடுத்து நீட்டுவார்கள். நத்தையை இழுக்க அதில் தவிட்டு வாசனை இருக்கிறது. அதே வாசனைக்கு நாயும் வரும். தின்ற நாய்க்கு வலிப்பு வந்து உயிரே போகலாம். மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலை ஊற்றினால் மண்புழு சாகும். உப்பை மண்ணில் தூவினால் நத்தையோடு செடியின் வேரும் கருகும். இந்த மூன்றும் இல்லாமலே வேலை முடியும், கொஞ்சம் பொறுமை மட்டும் வேண்டும்.

சணல் சாக்கு ஒன்றை நனைத்துப் பிழியுங்கள். மாலை 6 மணிக்குப் பாத்தி ஓரத்தில் நான்கைந்து பப்பாளி இலையோ முட்டைக்கோஸின் வெளி இலையோ பரப்பி, மேலே சாக்கை மூடுங்கள். 10க்கு 10 அடி இடத்துக்கு ஒன்று போதும். இரவெல்லாம் மேய்ந்த நத்தைகள் விடியும்போது ஈரமும் நிழலும் தேடி அதன் அடியில் ஒதுங்கும். காலை 7 மணிக்குள், வெயில் ஏறும் முன் திறந்துவிட வேண்டும். கையால் அல்ல, குச்சியால் தூக்குங்கள்: தேளும் பூரானும் அதே ஈரத்தைத் தேடி வரும். தேரை உட்கார்ந்திருந்தால் தொந்தரவு செய்யாதீர்கள், அது நம் கட்சி. முதல் 7 நாள் தினமும், பிறகு ஒரு மாதம் வரை மூன்று நாளுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். மண்ணில் கிடக்கும் முட்டை பொரிய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஒரு வாரத்தோடு நிறுத்தினால் குஞ்சுகள் தப்பிவிடும். சாக்கைப் போட்டுவிட்டு எடுக்க மறப்பது இன்னும் மோசம், நத்தைக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த கதை.

பிடிக்கும்போது கையுறையோ இடுக்கியோ கட்டாயம். இந்த நத்தைகள் சுமக்கும் எலி நுரையீரல் புழு மனிதருக்குள் போனால் மூளையுறை அழற்சி வரும். நத்தை ஊர்ந்த கீரையை ஒவ்வொரு இலையாகக் கழுவி, வேகவைத்தே சாப்பிடுங்கள். பிடித்ததை மதிலுக்கு அந்தப் பக்கம் வீசுவது வேலைக்கு ஆகாது. பெரியதைக் கெட்டியான பைக்குள் போட்டுக் கல்லால் ஒரே அடியில் நசுக்குவதுதான் அதற்கும் வேதனை குறைவு. பொடிசுகள் நிறைய இருந்தால் மூடியுள்ள வாளியில் 5 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ கல்லுப்பு கரைத்து அதில் போடுங்கள். மூடி இல்லையென்றால் ஏறி வந்துவிடும். பிறகு செடிகளிலிருந்து தள்ளி ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். உப்புத் தண்ணீரைத் தோட்டத்தில் கொட்டக் கூடாது. ஓடுகளை உடைத்துப் போடுங்கள், முழுதாகக் கிடந்தால் மழைநீர் தேங்கிக் கொசு முட்டையிடும்.

முட்டையையும் தேட வேண்டும். தொட்டிக்கு அடியில், கல் இடுக்கில், இளகிய மண்ணின் மேலாப்பில் குவியலாக இருக்கும்: லேசாக மஞ்சள் பூத்த ஜவ்வரிசி போல 4, 5 மில்லிமீட்டர் உருண்டைகள், ஒரே குவியலில் நூற்றுக்கு மேல். எடுத்து மாடித் தளத்தில் உச்சி வெயிலில் பரப்பினால் சுருங்கிவிடும். ஓணான் முட்டையை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது நீள்வட்டமானது, தோல் போன்றது, 1 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அதைத் திரும்ப மூடிவிடுங்கள்.

உண்மையில் நத்தை பிடிக்க நல்ல மாதம் மழை மாதம் இல்லை, சித்திரை, வைகாசிதான். வெயிலில் அது ஓட்டின் வாயை வெண்ணிறச் சவ்வால் அடைத்துக்கொண்டு செங்கல் அடுக்கிலும் மரப் பொந்திலும் மதிலின் நிழல் பக்கத்திலும் தூங்கும். ஓடாது, ஒளியாது, பொறுக்கியெடுக்க வேண்டியதுதான். அப்போது எடுக்கும் ஒவ்வொன்றும் ஐப்பசியில் ஒரு குவியல் முட்டை குறைவு.

நாற்றுகளுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும். 1 லிட்டர் பாட்டிலின் அடியையும் கழுத்தையும் வெட்டி, நடுவிலுள்ள 10 சென்டிமீட்டர் வளையத்தை நாற்றைச் சுற்றி 3 சென்டிமீட்டர் புதையும்படி வையுங்கள். மேல் விளிம்பை வெளிப்பக்கம் மடித்தால் நத்தை ஏறத் திணறும். பக்கத்துச் செடியின் இலை வளையத்தின் மேல் சாய்ந்திருந்தால் அதுவே பாலம் ஆகிவிடும். தண்ணீரை மாலையில் ஊற்றாமல் காலையில் ஊற்றுங்கள். இரவில் மேல்மண் காய்ந்திருந்தால் நத்தை நடமாட்டம் குறையும்.

முட்டை ஓட்டை நொறுக்கிப் போடச் சொல்லாதவர் இல்லை. பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2018இல் முட்டை ஓடு, செம்புப் பட்டை உட்பட ஐந்து தடுப்புகளை லெட்டூஸ் செடிகளில் சோதித்தது. எதுவும் சேதத்தைக் குறைக்கவில்லை. சாம்பல் காய்ந்திருக்கும் வரை தடுக்கும். நத்தை வருவதோ மழையில்.

ஓடில்லா நத்தைக்கு மட்டும் ஈஸ்ட் பொறி நன்றாக வேலை செய்யும்: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் ஈஸ்ட். இதைக் கலந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி மண்ணில் புதையுங்கள். கிண்ணத்தின் விளிம்பு மண்ணுக்கு மேல் 2 சென்டிமீட்டர் நிற்கட்டும், இல்லாவிட்டால் நல்ல வண்டுகளும் தவறி விழும். மழை விழாமலிருக்க மேலே கொட்டாங்குச்சியைச் சற்று இடைவெளி விட்டுக் கவிழ்த்து வையுங்கள்.

செம்போத்து ராட்சத நத்தையையே கொத்தித் தின்னும். மின்மினியின் புழு சின்ன நத்தைகளைத் தின்று வளரும். வாத்து இருந்தால் நடவுக்கு முன்பே பாத்தியில் மேய விடுங்கள், பிறகு விட்டால் நாற்றையும் சேர்த்து முடித்துவிடும்.

நர்சரியிலிருந்து வாங்கிய செடியை அப்படியே தோட்டத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். பையைக் கிழித்து வேர்மண்ணைச் சுற்றிலும், அடி ஓட்டைப் பக்கமும் பாருங்கள். லோடு மண்ணும் எருவும் வந்தால் மெல்லிசாகப் பரப்பி நான்கு நாள் வெயில் காட்டிய பிறகே தொட்டியில் நிரப்புங்கள்.