கச்சான் காலத்துக் கணினியும் இருட்டு அறையும்: மெய்நிகர் திகில் விளையாட்டுக்குக் கிராபிக்ஸ் அமைக்கும் முறை

மெய்நிகர் திகில் விளையாட்டுகள் தடுமாறக் கூடாத கணத்தில்தான் தடுமாறும். வெறும் நடைபாதையில் சீராக ஓடிய படம், கதவு திறந்து, புகை கிளம்பி, விளக்கு மின்னி, உருவமொன்று எதிரே பாயும்போது திக்கித் திணறுகிறது. அந்த ஒரு விநாடியில் பயம் போய்த் தலைச்சுற்று வந்துவிடுகிறது. ஆகவே ஒரு விநாடியில் திரையில் தோன்றும் படங்களின், அதாவது பிரேம்களின், சராசரி எண்ணிக்கையை நம்பி அமைப்புகளைத் தீர்மானிப்பதில் பயனில்லை. விளையாட்டின் மிகக் கனமான காட்சியையும், கணினி மிகச் சூடாக இருக்கும் வேளையையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

வெப்பத்தைப் பற்றிய பாதி திருகோணமலைக்காரருக்குக் கூடுதலாகவே பொருந்தும். தென்மேற்கிலிருந்து வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில், குளிரூட்டி இல்லாத அறையில், விடியற்காலையில் ஓடும் கணினியும் பிற்பகலில் ஓடும் கணினியும் ஒன்றல்ல. கிராபிக்ஸ் அட்டை தனது வெப்ப எல்லையைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், காலையில் சில நிமிடங்கள் சோதித்துச் சரியென்று விட்ட அமைப்பு மதியத்துக்குப் பின் தோற்றுப்போகும். எனவே அரை மணி நேரமாவது விளையாடிக் கணினியைச் சூடேற்றிய பிறகே அளக்கத் தொடங்குங்கள். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பேர்னர் போன்ற மென்பொருளில் அட்டையின் பவர் லிமிட்டை, அதாவது அது இழுக்கக்கூடிய மின்சக்தியின் உச்ச எல்லையை, 85 வீதமளவுக்கு இறக்கினால், பெரும்பாலான அட்டைகளில் வேகம் சிறிதளவே குறையும், வெப்பமோ கண்கூடாகத் தணியும். உச்ச வேகத்தைவிட மாறாத வேகமே இங்கு வேண்டியது.

அடுத்தது நேரக் கணக்கு. தலையில் அணியும் ஹெட்செட்டை 90 ஹேர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 90 முறை படத்தைப் புதுப்பிக்கும்படி, வைத்தால் ஒவ்வொரு பிரேமும் 11.1 மில்லிசெக்கனுக்குள் தயாராக வேண்டும். 72 ஹேர்ட்ஸில் 13.9, 120 ஹேர்ட்ஸில் 8.3. இந்த எல்லை வரை நிரப்பாமல் இரண்டு மில்லிசெக்கனளவு மிச்சம் விடுவது நல்லது, ஏனெனில் உருவம் பாயும் காட்சி அந்த மிச்சத்தைத்தான் தின்னும். நடுத்தர அட்டை வைத்திருப்பவர் 90 இல் தள்ளாடுவதைவிட 72 இல் உறுதியாக நிற்பது மேல் என்பது என் கருத்து. எல்லையைத் தவறவிட்டால் கணினியில் மெய்நிகர் விளையாட்டுகளை இயக்கும் ஸ்டீம் வி.ஆர். மென்பொருளின் மோஷன் ஸ்மூதிங் போன்ற வசதிகள், 90 ஹேர்ட்ஸில் ஓடும் விளையாட்டை விநாடிக்கு 45 பிரேமுக்கு இறக்கி, இடைப்பட்ட பிரேம்களைத் தாமே ஊகித்து நிரப்பும். பட்டப்பகல் காட்சியில் இது அவ்வளவாகத் தெரியாது. இருட்டில் டோர்ச் ஒளியை ஆட்டும்போதோ ஒளிவட்டத்தின் விளிம்பும் நிழல்களும் நெளிவது உடனே கண்ணில் படும். சோதனை முடியும் வரை இந்த வசதியை அணைத்து வையுங்கள், அப்போதுதான் உண்மை நிலை தெரியும்.

ஸ்டீம் வி.ஆரில் பிரேம் நேரத்தைக் காட்டும் வரைபடத்தைத் திறந்துகொண்டு, முதலில் தெளிவுத்திறனை மட்டும் இறக்கிப் பாருங்கள். நேரம் குறைந்தால் சுமை கிராபிக்ஸ் அட்டையில் இருக்கிறது. குறையாவிட்டால் சுமை செயலியில் இருப்பதால், நிழல் தரத்தையும் பொருள்களின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும், பின்னணியில் ஓடும் உலாவியையும் மூட வேண்டும். ஸ்டீம் வி.ஆரில் தெளிவுத்திறனுக்குக் காட்டும் வீதம் மொத்தப் பிக்சல்களை, அதாவது படத்தின் புள்ளிகளை, குறிப்பது. 100 இலிருந்து 80 ஆக்கினால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 11 வீதமே சுருங்கும். எனவே அஞ்ச வேண்டியதில்லை.

இனித்தான் திகில் விளையாட்டுக்கே உரிய பகுதி. எதைக் குறைப்பது என்பதைவிட எதைத் தொடாமல் விடுவது என்பதே முக்கியம். கையிலுள்ள டோர்ச்சின் நிழலைக் காப்பாற்றுங்கள். நாற்காலியின் கால் நிழல் சுவரில் நீண்டு நகர்வதில்தான் பாதிப் பயம் இருக்கிறது, அதற்காகும் செலவோ குறைவு: ஒரே திசையில் விழும் ஒளிக்கு நிழல் வரைபடம் ஒன்று போதும். நாலாபக்கமும் ஒளி வீசும் தொங்கு பல்புக்கு ஆறு திசைகளிலும் வரைய வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி அமைப்புத் தரும் விளையாட்டில் பல்பு நிழல்களை அணையுங்கள்; ஒரே அமைப்புத்தான் இருந்தால் நடுத்தரத்தில் நிறுத்துங்கள். ஒளிக்கற்றை தெரியும் மூடுபனி அட்டையை வெகுவாக வாட்டும், ஆனால் அடியோடு அணைத்தால் இருட்டறை வெறும் கறுப்புத் துணிபோல் ஆகிவிடும். குறைந்த தரத்தில் அதை விட்டுவைக்கலாம்.

திரையில் ஏற்கெனவே தெரியும் படத்தைக் கொண்டே பிரதிபலிப்புகளை வரையும் திரைவெளிப் பிரதிபலிப்பை மட்டும் தயங்காமல் அணையுங்கள். ஈரத் தரையில் இடக்கண் ஒன்றையும் வலக்கண் வேறொன்றையும் காண நேர்ந்தால் கண் வலிக்கத் தொடங்கும். அசைவை மங்கலாக்கும் மோஷன் பிளர், படத்தில் பொடிப்புள்ளி தூவும் பிலிம் கிரெயின், தூரத்துப் பொருளை மங்கலாக்கும் புலத்தின் ஆழம் ஆகியவற்றுக்கும் ஹெட்செட்டுக்குள் இடமில்லை. பொருள்களின் விளிம்பு பல்பல்லாகத் தெரியாமல் மென்மையாக்க எம்.எஸ்.ஏ.ஏ. என்ற முறை கிடைத்தால் அதையே எடுங்கள், முந்திய பிரேம்களையும் கலக்கும் டி.ஏ.ஏ. முறை தூரத்து உருவத்தைக் குழப்பிவிடும். பொருள்களின் மேற்பரப்புப் படங்களான டெக்ஸ்சர்களின் தரம், அட்டையின் நினைவகம் நிரம்பாத வரை, உயர்வாகவே இருக்கலாம். நிரம்பினால்தான் திடீர் விக்கல்கள் வரும்.

குவெஸ்ட் போன்ற ஹெட்செட்டைக் கம்பியின்றிக் கணினியுடன் இணைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. காணொளியைச் சுருக்கும்போது இருண்ட பகுதிகளுக்கு மிகக் குறைந்த தரவே ஒதுக்கப்படுவதால், கறுப்புச் சுவரில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் தெரியும். இதைக் கிராபிக்ஸ் அமைப்பின் குறை என்று எண்ணித் தெளிவுத்திறனை ஏற்றுவது வீண். விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவான பிட்ரேட்டை உயர்த்துங்கள், கணினிப் படத்தை ஹெட்செட்டுக்கு அனுப்பும் விர்ச்சுவல் டெஸ்க்டொப் செயலியில் 10 பிட் எச்.இ.வி.சி. அல்லது ஏ.வி.1 என்ற காணொளிச் சுருக்க முறை கிடைக்குமானால் அதைத் தெரிவுசெய்யுங்கள். ஏ.வி.1 அனுப்புவதற்கு என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 40 வரிசை போன்ற பிந்திய அட்டை வேண்டும். கணினியை ரவுட்டருடன் கம்பியால் இணைத்து, ஹெட்செட்டை 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் வையுங்கள். இணைய வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. முன் ஹோலில் இருக்கும் ரவுட்டருக்கும் விளையாடும் அறைக்கும் இடையிலுள்ள கல் சுவர்தான் எதிரி.

விளையாட்டின் வெளிச்ச அளவை ஹெட்செட்டை அணிந்துகொண்டே சரிசெய்ய வேண்டும். குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3 ஆகியவற்றின் எல்.சி.டி. திரைகள் கறுப்பைச் சற்றுச் சாம்பலாகவே காட்டும். அதற்குமேல் வெளிச்சத்தையும் கூட்டினால் பேய் வரும் முன்பே அது நிற்கும் மூலை தெரிந்துவிடும். மின்விசிறி உங்கள் முகத்துக்கு நேரே, விளையாட்டு எல்லைக்கு வெளியே இருக்கட்டும். வியர்வை குறைவதோடு, எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்பதையும் காற்று சொல்லும். கூரை விசிறிக்கு நேர்கீழே நின்று, பயந்து கையை உயர்த்துவதைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் புதிய அறைக்குள் நுழையும்போது மட்டும் ஒரு தடவை விக்கி, மறு தடவை சீராக ஓடினால், எந்த அமைப்பையும் தொடாதீர்கள். அது ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்களான ஷேடர்கள் முதன்முறை தொகுக்கப்படுவதால் வருவது. அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்த பின் அதே விக்கல் திரும்பவும் வரும், ஆகவே புதுப்பித்ததும் முதல் ஓட்டத்தில் கிடைக்கும் அளவுகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.