தோட்டத்து மண்டபத்தில் குறும்படம்: கெட்ட வார்த்தைகளை என்ன செய்வது?

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா போன்ற ஓர் ஊரில் பொங்கல் விழாவுக்கு இளைஞர்கள் குறும்படம் எடுத்துத் திரையிட்டால், முன்னால் பாயில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இருப்பார்கள். பின்னால் நாற்காலியில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டிமார். ஓரத்தில் பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம். கைப்பேசியில் தனியாகக் கேட்டால் உறைக்காத சொல், இங்கே ஒலிபெருக்கியில் வரும்போது பேரனும் பாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் செய்துவிடும்.

படம் எடுக்கும் பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. இந்தியாவில் திரையரங்குப் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். அங்கிருந்து நம் பிள்ளைகளுக்கு வரும் இணையத் தொடர்களோ 2021இல் வந்த விதிகளின்படி வயதுப் பிரிவைத் தாங்களே போட்டுக்கொள்கின்றன. அரங்கில் ஊமையாக்கப்பட்ட சொல் தொடரில் முழுசாகக் கேட்கிறது. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது சாதாரணப் பேச்சு. ஆகவே வேலையை வசனத்தாளிலேயே தொடங்குங்கள். எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பாதிதான் சரியாகும்.

வசனத்தாளில் ஒவ்வொரு வசவையும் அடிக்கோடிட்டு, பக்கத்தில் மூன்று குறிப்பு எழுதுங்கள்: யார் சொல்கிறார், யாரிடம், அடி யார்மேல் விழுகிறது. மூன்றாவதுதான் முக்கியம். அந்தக் காலத்தில் உடம்பைச் சொல்லும் வார்த்தைக்குக் காதைப் பொத்தியவர்கள், சாதிப் பெயரை வைத்துத் திட்டுவதைக் கேட்டும் கேட்காததுபோல் இருந்தார்கள். இன்றைய இளையவர்களுக்கு அது தலைகீழ். நட்பில் வந்து விழும் ஆபாசச் சொல்லைத் தாண்டிப் போய்விடுவார்கள். சாதி, தோல் நிறம், ஊனம் ஆகியவற்றைத் தொட்டால் பொறுக்க மாட்டார்கள். இந்த மாற்றம் சரியானது. 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லில் ஆபாசம் ஓரெழுத்துகூட இல்லை, ஆனால் மண்டபத்தில் இருக்கும் பாதிப்பேரின் வாழ்க்கையையே அது மிதிக்கிறது. இந்திய வம்சாவளியினரைக் குறிக்கும் 'கெலிங்' என்ற மலாய்ச் சொல்லும் அப்படித்தான். ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரில் அது பழைய பொருளோடு நிற்கிறது. இன்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால் வசைதான். இத்தகைய சொல்லை வைத்தே ஆகவேண்டுமானால், அது தவறென்று கதையே காட்ட வேண்டும். சிரிப்புக்காக என்றால் வெட்டிவிடுங்கள்.

மாற்றுச்சொல் தேடும்போது 'ச்சே', 'அடப்பாவி' என்று போட்டுக் கோபத்தைக் கொன்றுவிடாதீர்கள். கட்டையில போறவனே, வெளங்காதவனே, எடுபட்ட பயலே, பொறம்போக்கு என்று உடம்பைத் தொடாமலே சுடுகிற வசவுகள் நம் பாட்டிமாரிடம் ஏராளம். குளோசப் காட்சியில் உதட்டையும் கவனிக்க வேண்டும். ப, ம இரண்டுக்கும் உதடு மூடும். வ வந்தால் கீழுதடு பல்லைத் தொடும். மூலச்சொல் பகரத்தில் தொடங்கினால் 'பொறம்போக்கு' ஒட்டிக்கொள்ளும், 'கட்டையில போறவனே' ஒட்டாது. அசை எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒத்துவர வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், படப்பிடிப்பிலேயே மாற்றுச்சொல்லோடு இன்னொரு டேக் எடுங்கள். திட்டு வாங்குபவரின் முகத்தையும் தனியாக எடுத்து வையுங்கள். சிக்கலான இடத்தில் அதைப் போட்டால் உதடே தெரியாது.

ஒவ்வொரு இடத்திலும் 30 வினாடி யாரும் பேசாமல் வெறும் சூழலொலியைப் பதிவு செய்யுங்கள். இது இல்லாமல் சொல்லை அழித்தால், மின்விசிறிச் சத்தமும் பூச்சிச் சத்தமும் சேர்ந்தே அறுந்து காதில் பள்ளம் விழும். அழித்த இடத்துக்கு அதுவே விளம்பரம். பீப் போடுவதானால் 1000 ஹெர்ட்ஸ் ஒலி போதும், வசனத்தைவிடக் கொஞ்சம் தாழ்வாக. வினாடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேம் 40 மில்லிவினாடி. சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பிரேம் சேர்த்து மூடுங்கள்.

தமிழில் அதிகம் தவறும் இடம் வால்பகுதி. நடுவை மட்டும் மூடி 'மவனே'யை விட்டுவைத்தால் மீதியைக் கூட்டம் தானே நிரப்பிக்கொள்ளும். அந்தத் தொடரை முழுதாக மூடுங்கள். இருவருக்கும் சட்டை மைக் இருந்தால் இரண்டு தடத்திலும் மூட வேண்டும். திட்டியவரின் மைக்கில் அழித்த சொல் எதிரே நின்றவரின் மைக்கில் கசியும். காதில் ஹெட்போன் மாட்டி ஒருமுறை, மண்டபத்து ஒலிபெருக்கியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஒலியை மூடிவிட்டு சப்டைட்டிலில் அதே சொல்லை விட்டுவைப்பதும் அடிக்கடி நடக்கிறது. மலாய் சப்டைட்டிலில் இன்னொரு ஆபத்து: 'பன்னி' என்று அம்மா பிள்ளையைச் செல்லமாகத் திட்டுவாள். அதை 'பாபி' என்று பெயர்த்தால் முஸ்லிம் அண்டைவீட்டார் காதில் பல மடங்கு கனமாக விழும். 'நாயே'யை 'அஞ்சிங்' ஆக்குவதும் அப்படித்தான். சொல்லை விட்டு, சொன்னவரின் எரிச்சலை மட்டும் எழுதுங்கள். ஒரு மொழியில் சும்மா கிடக்கும் சொல் இன்னொருவர் காதில் வேறாக ஒலிக்கும் என்பதற்கு ஊரின் பெயரே சாட்சி: மலாயில் விரசமாகத் தொனித்ததால்தான் பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். திரைப்படத் தணிக்கைச் சட்டம் 2002இன் கீழ், பொதுவில் காட்டும் படத்துக்குத் தணிக்கை வாரிய ஒப்புதல் தேவை; மண்டபம்தானே என்று விடாமல் வாரக்கணக்கில் முன்கூட்டியே விசாரியுங்கள். படத்தை இணையத்தில் ஏற்றினால் ஆபாசமான, மிரட்டும் பதிவுகளைக் குற்றமாக்கும் தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1998இன் 233ஆம் பிரிவு குறுக்கே வரும். படத்தின் கீழே கருத்து எழுதும் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லி வையுங்கள். இணைய வசையால் ஒரு தமிழ்ப்பெண் 2024இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வழக்கில் ஒருவருக்குக் கிடைத்த தண்டனை 100 வெள்ளி (ரிங்கிட்) அபராதம். அந்தக் கொதிப்புக்குப் பிறகு தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, இணையவழித் துன்புறுத்தலுக்கும் பொருந்தும் புதிய பிரிவுகள் 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தன.

திரையிடும் நாளில் படத்துக்கு முன் எந்த வயதுக்கு ஏற்றது என்பதை மைக்கில் தமிழிலும் மலாயிலும் சொல்லுங்கள். மறுநாள் பிள்ளை ஒரு புதுச்சொல்லோடு வந்து நின்றால் சிரிக்காதீர்கள். சிரிப்புதான் அதற்குப் பரிசு. அடிக்கவும் வேண்டாம். பொருள் தெரியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் தெரியாது.

சொற்களை மூடிய கோப்புக்கு 'மண்டபம்', மூடாததற்கு 'மூலம்' என்று தெளிவாகப் பெயரிட்டு, மூலத்தை வேறு பென்டிரைவில் வையுங்கள். மண்டபத்துக்குக் கொண்டுபோகும் பென்டிரைவில் ஒரே ஒரு கோப்புதான் இருக்க வேண்டும். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அனுப்புவதும் அதே கோப்புதான்.