எவ்வளவு கஷ்டம் போதும்? ஃபேன்டஸி ஆர்பிஜியில் டிஃபிகல்ட்டி தேர்வு செய்யும் முறை

ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் விளையாடும் புது ஆர்பிஜி ஒன்றைத் திறந்தால் கதை தொடங்கும் முன்பே ஒரு கேள்வி வந்து நிற்கும்: ஈஸியா, நார்மலா, ஹார்டா? இன்னும் ஒரு வாளைக்கூடக் கையில் எடுத்திருக்க மாட்டோம், அதற்குள் முடிவு சொல்ல வேண்டும். என் அக்கா மகன் யோசிக்கவே மாட்டான். நேராகக் கடைசி வரியில் போய் நிற்பான். "செத்தாத்தான் மாமா கேமு" என்பான். நான் வேலை முடிந்து, வீடு அடங்கிய பிறகு இரவில் கொஞ்ச நேரம் விளையாடுகிற ஆள். பாஸ் என்கிற ஒரே பெரிய எதிரியிடம் வாரக்கணக்கில் அடிவாங்குவதில் எனக்கு வருத்தமே கிடையாது. அந்த பாஸின் வாசலுக்கு நடந்து போவதிலேயே ராத்திரி கழிந்தால்தான் கோபம் வரும்.

அவனுக்கும் எனக்கும் நடக்கிற சண்டையில் நான் பிடித்து வைத்திருக்கும் கட்சி இதுதான்: கஷ்டம் ஃபேன்டஸி கேமை நல்லதாக்கும், ஆனால் அந்த உலகத்தைப் பற்றி நாம் தெரிந்துகொண்டது சண்டையில் எடுபட வேண்டும். ட்ரோல் என்ற பூதத்தின் காயம் தானாக ஆறிவிடும், நெருப்போ அமிலமோ பட்டால்தான் அது அடங்கும் என்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் பழைய விதி. ஈஸியில் அதைத் தெரிந்துகொள்ளவே தேவையில்லை, வெட்டிக்கொண்டே இருந்தால் விழுந்துவிடும். கொஞ்சம் ஏற்றி வைத்தால் தீப்பந்தத்துக்கும் அமிலக் குப்பிக்கும் திடீரென்று மதிப்பு வந்துவிடும். அந்த மதிப்பு வருகிற வரைக்கும் ஏற்றலாம். அதற்கு மேல் ஏற்றுவது வீம்புக்கு.

மெனுவில் என்ன மாறுகிறது என்று பாருங்கள்

"ஹார்ட்" என்று ஒரே பெயர் போட்டிருந்தாலும் உள்ளே நடப்பது கேமுக்குக் கேம் வேறு. 2011-ல் வந்த ஸ்கைரிமை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ல் ஒரு அப்டேட்டில் லெஜண்டரி என்று ஒரு நிலை சேர்த்தார்கள். அதில் நீங்கள் கொடுக்கும் அடி கால் பங்காகக் குறையும், வாங்கும் அடி மூன்று மடங்காகும். அவ்வளவுதான். கொள்ளைக்காரன் அதே கொள்ளைக்காரன், அதே மாதிரி ஓடி வருவான், அதே மாதிரி கோடாரியை வீசுவான். நான்கு வெட்டில் விழுந்தவன் இப்போது பதினாறு வெட்டு வாங்குவான். அவனைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள அதில் ஒன்றுமே இல்லை.

2015-ன் விட்சர் 3-இல் டெத் மார்ச் நிலையும் எண்களை ஏற்றத்தான் செய்கிறது. ஆனால் கூடவே ஒரு விதியையும் மாற்றுகிறது: தியானத்தில் உட்கார்ந்தால் உயிர் நிரம்பாது. இந்த ஒரு மாற்றத்தால் பையில் இருக்கும் சாப்பாடு முக்கியமாகிறது, காயத்தை ஆற்றும் ஸ்வாலோ மருந்து முக்கியமாகிறது, க்வென் என்ற மந்திரக் கேடயத்தை எப்போது போடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. வேட்டைக்குப் போகும் முன் அந்தப் பிராணியைப் பற்றிய குறிப்பைப் படித்து, அதற்கு ஏற்ற எண்ணெயை வாளில் தடவிக்கொண்டு போகிறோம். கதையில் பிராணிகளை வேட்டையாடும் விட்சர் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்! நார்மலில் விளையாடியவர்கள் பலர் அந்த எண்ணெய்ப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே மெனுவில் இருக்கும் விளக்கத்தைப் படிக்கும்போது தேட வேண்டியது, "எதிரிகளுக்குப் புதுத் திறமைகள்", "ஓய்வெடுத்தால் குணமாகாது" மாதிரியான வரிகளை. டேமேஜும் ஹெல்த்தும் மட்டும்தான் ஏறுகிறது என்றால் நார்மலில் தொடங்குங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை. டிவினிட்டி ஒரிஜினல் சின் 2-வில் டாக்டீஷியன் நிலைக்குப் போனால் எதிரிகளுக்குக் கூடுதல் திறமைகளும் கிடைக்கும். அந்த வகை என்றால் ஒருபடி ஏற்றிப் பார்க்கலாம்.

முதல் ஓநாயை வைத்து ஒரு சோதனை

மெனு சொல்லாததை முதல் ஒரு மணி நேரத்து எதிரிகள் சொல்லிவிடுவார்கள். பாஸ் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஓநாயோ எலும்புக்கூடோ வழிப்பறிக்காரனோ, ஒரு சாதாரண எதிரியைப் பிடியுங்கள். முதல் தடவை சும்மா வெட்டுங்கள். இரண்டாவது தடவை யோசித்துச் செய்யுங்கள்: மேட்டில் நின்று அம்பு விடுங்கள், தூங்கும்போது பின்னால் போங்கள், தீயை வீசுங்கள், கதவுக்குள் இழுத்து ஒவ்வொருவராக அடியுங்கள். இரண்டாவது சண்டை சட்டென்று முடிந்தால் அந்த டிஃபிகல்ட்டி உங்களுக்குச் சரி. இரண்டும் ஒரே நேரம் இழுத்தால் அங்கே நீங்கள் சண்டை போடவில்லை, மரம் வெட்டுகிறீர்கள். ஒருபடி குறைத்துவிடுங்கள்.

யோசித்தது, யோசிக்காதது இரண்டுமே ஈஸியாக முடிந்தால் ஒருபடி ஏற்றுங்கள். இதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் வயதுக்காரர்கள் குறைத்து வைத்துவிட்டு "போர் அடிக்கிறது" என்று கேமையே தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

செத்த பிறகு ஒரு கேள்வி

செத்ததும் உடனே பொத்தானை அழுத்தாதீர்கள். "ஏன் செத்தேன்?" என்பதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லிப் பாருங்கள். பதில் வந்தால் அது நல்ல கஷ்டம்.

எல்டன் ரிங்கில், ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் நிற்கும் மார்கிட் என்ற பாஸைப் பார்ப்போம். 2022-ல் கேம் வந்தபோது பாதிப் பேர் கண்ட்ரோலரைத் தூக்கி எறியப் போன இடம் இது. அவர் கைத்தடியைத் தலைக்கு மேல் தூக்குவார். தூக்கியதும் நம் விரல் தானாக ரோல் பொத்தானை அழுத்தும். அவரோ தூக்கியபடியே நிற்பார். நாம் உருண்டு முடித்து எழுந்து நிற்கும் நேரம் பார்த்துத் தடி இறங்கும். முதலில் ஏமாற்று வேலை மாதிரி இருக்கும். ரெண்டு மூன்று தடவை செத்த பிறகு தெரியும்: தூக்குவதைப் பார்த்து உருளக் கூடாது, இறங்குவதைப் பார்த்து உருள வேண்டும். கண்ணைத் தோளிலிருந்து தடியின் நுனிக்கு மாற்றினால் போதும். அதன்பின் அதே அடி உங்கள் மேல் விழுவது குறைந்துவிடும், அவர் உயிர் ஒரு புள்ளிகூடக் குறைக்கப்படாமலே. இந்த மாற்றம் நடக்கும் விநாடிக்காகத்தான் நான் இந்த வகை கேமையே விளையாடுகிறேன்.

பதிலே வராத சாவும் உண்டு. 2011-ன் டார்க் சோல்ஸில் காப்ரா டீமன் இருக்கும் அறை ஞாபகம் இருக்கிறதா? வாசலில் இருக்கும் பனித்திரையைத் தாண்டிக் காலை வைத்த உடனே இரண்டு நாய்கள் மேலே பாயும், பெரியவன் இரண்டு வெட்டுக்கத்தியோடு இறங்குவான், இடமோ சின்னது, கேமரா சுவரில் போய் முட்டிக்கொள்ளும். என்ன நடந்தது என்று பார்க்கும் முன்பே செத்திருப்போம். வழி இருக்கிறது: நுழைந்ததும் ஓரத்துப் படிக்கட்டுக்கு ஓடி மேலே ஏறி, முதலில் நாய்களை முடித்துவிட வேண்டும். ஆனால் அந்தப் படிக்கட்டைக் கண்ணில் படவே விடாத சண்டை அது. என் கணக்கில் அது கெட்ட கஷ்டம். அந்தக் கேமை எனக்கு உயிராகப் பிடிக்கும், இருந்தாலும் சொல்கிறேன்.

அதே கேமின் தொடக்கத்தில் இதற்கு நேரெதிரான ஒன்று இருக்கிறது. கையில் முறிந்த வாள் பிடியோடு அசைலம் டீமன் முன்னால் தள்ளிவிடுவார்கள். ஜெயிப்பதற்கு அல்ல, ஓடுவதற்கு. பக்கச்சுவரில் ஒரு கதவு திறந்திருக்கும், தப்பிக்கச் சொல்லித் தரையில் எழுதியும் வைத்திருப்பார்கள். ஓடி, நல்ல ஆயுதமும் உயிரை நிரப்பும் எஸ்டஸ் குப்பியும் கிடைத்து, திரும்பி வரும்போது அவன் தலைக்கு மேலே இருக்கும் மாடத்தில் வந்து நிற்போம். அங்கிருந்து குதித்து ஒரே குத்தில் பெரும் பங்கு உயிரை எடுத்துவிடலாம். "எல்லாவற்றோடும் உடனே மோதாதே, மேலேயும் பார்" என்று ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். எல்டன் ரிங்கின் முதல் வெட்டவெளியில் தங்கக் கவசத்தோடு சுற்றும் குதிரைவீரனும் அந்தப் பாடத்துக்குத்தான் நிற்கிறான். சுற்றிக்கொண்டு போய்விடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடி வலிக்கலாம், நேரம் வலிக்கக் கூடாது

தண்டனை என்று எல்லோரும் சொல்வதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஒன்று, சண்டை எவ்வளவு கடுமை. இன்னொன்று, தோற்றால் எவ்வளவு பின்னால் தள்ளிவிடுகிறார்கள். இரண்டாவதைக் குறைத்தால் முதலாவது கெடாது என்பதைக் கேம் செய்பவர்களே காட்டியிருக்கிறார்கள். டார்க் சோல்ஸில் செத்தால் எழுந்திருக்கும் நெருப்பிடத்திலிருந்து பாஸ் வரைக்கும் உயிர்த்தெழுந்த எதிரிகளைத் தாண்டி ஓட வேண்டும். அதே ஃப்ரம்சாஃப்ட்வேர் செய்த எல்டன் ரிங்கில் பல பாஸ்களின் வாசல் பக்கத்திலேயே மரிக்காவின் கம்பம் நட்டிருக்கும், அங்கேயே எழுந்திருக்கலாம். அதனால் யாரும் எல்டன் ரிங்கை ஈஸி என்று சொல்லிவிடவில்லை. 2016-ல் முழுசாக வெளிவந்த டார்க்கஸ்ட் டன்ஜனிலும், பின்னர் ரேடியண்ட் என்று ஒரு நிலையைச் சேர்த்து மொத்தப் பயணத்தின் நீளத்தைக் குறைத்தார்கள். வீரன் செத்தால் செத்ததுதான் என்ற விதி அப்படியே இருந்தது.

கேம் குறைக்காவிட்டால் நீங்களே குறைத்துக்கொள்ளலாம். சேவ் வசதி தாராளமாக இருந்தால் சண்டைக்கு முன் சேவ் செய்யுங்கள், அது அவமானமில்லை. டார்க் சோல்ஸ், எல்டன் ரிங் மாதிரி சோல்ஸ் வகை என்றால் பாஸிடம் போகும் முன், காசு மாதிரி கையில் சேர்ந்திருக்கும் ரூன்களையும் சோல்களையும் செலவழித்துவிடுங்கள். செத்து, விட்டதை எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் அது போனது போனதுதான். கையில் ஒன்றும் இல்லாதவன் பயப்படாமல் சண்டை போடுவான். குறுக்குவழிக் கதவுகளையும் லிஃப்ட்டுகளையும் திறந்துவிட்டுத்தான் பாஸைத் தேட வேண்டும்.

மாட்டிக்கொண்டால்

முதலில் ஹெல்த். அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும் எல்லாப் புள்ளிகளையும் பலத்தில் கொட்டிவிட்டு ஒரே அடியில் சாவார்கள். எல்டன் ரிங்கில் ஹெல்த்தைக் கூட்டும் விகர் 40 வரைக்கும் போட்ட புள்ளிக்கு நல்ல பலன் கிடைக்கும். கவசம், ஆயுதங்களின் சுமையைத் தாங்கும் அளவில் 70 சதவீதத்துக்குக் கீழே வைத்தால்தான் ஒழுங்காக உருள முடியும். ஆயுதத்தைக் கொல்லனிடம் கொடுத்து மேம்படுத்துவது லெவல் ஏற்றுவதைவிடப் பல நேரம் அதிகம் உதவும்.

அப்புறம் உதவி. மார்கிட்டின் பனித்திரைக்கு வெளியே மந்திரவாதி ரோஜியரைக் கூப்பிடும் குறி தரையில் இருக்கிறது. மர்க்வாட்டர் குகையில் பேட்சஸ் என்பவன் விற்கும் விலங்குச் சங்கிலியின் விலை 5,000 ரூன், அது மார்கிட்டைக் கொஞ்ச நேரம் தரையோடு கட்டிப்போடும். இதெல்லாம் கேம் செய்தவர்களே வைத்தது. "ஆவிகளைக் கூப்பிட்டு ஜெயிச்சா அது கணக்குல வராது மாமா" என்பான் அக்கா மகன். கணக்கு எழுதுகிறவர் யார் என்று கேட்டால் பதில் வராது.

எல்டன் ரிங்கின் கூடுதல் பகுதியாக 2024 ஜூனில் வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீயில் பலர் மாட்டிக்கொண்டதற்கு வேறு காரணம். அங்கே பழைய லெவல் மட்டும் போதாது, ஸ்கேடுட்ரீ துண்டுகளைத் தேடிச் சேர்த்துப் பலத்தை ஏற்ற வேண்டும். அதைச் செய்யாமல் பாஸ்களிடம் ஓடியவர்கள் புலம்பித் தீர்த்தார்கள். சில நாட்களிலேயே ஒரு அப்டேட்டில் முதல் பாதித் துண்டுகளின் பலனைக் கூட்டிவிட்டார்கள். கடினத்துக்குப் பேர்போனவர்களே குறைக்கிறார்கள் என்றால் நாம் ஒருபடி குறைப்பதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

பாத்ஃபைண்டர் கிங்மேக்கர் மாதிரி கேமில் ஒட்டுமொத்தமாகக் குறைக்கவும் வேண்டாம். எதிரியின் கிரிட்டிக்கல் அடி, நம் குழுவுக்கு விழும் டேமேஜ் என்று தனித்தனியாக மாற்றலாம். அங்கே ஆரம்பத்திலேயே ஒரு குகையில் சிலந்திக் கூட்டம் வரும். வாளோ அம்போ அதை ஒன்றும் செய்யாது, நெருப்புக் குப்பி வேண்டும். அது தெரியாமல் டிஃபிகல்ட்டியைக் குறைத்தால்கூட வாள் வேலை செய்யாது. குறைக்கும் முன் எதிரியின் விவரத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

ஒரே உயிர் நிலைகள்

1980-ன் ரோக் கேமில் செத்தால் முதலிலிருந்துதான். 1981-ன் விசர்ட்ரியில் செத்தவனைக் கோயிலில் எழுப்பப் போய் அவன் சாம்பலாகிவிடுவதும் உண்டு. டயாப்லோ 2-வின் ஹார்ட்கோர் வீரனுக்கும் ஒரே உயிர். இந்தப் பயத்துக்கென்று ஒரு ருசி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கதை நீளமான ஆர்பிஜியில் இதை முதல் சுற்றிலேயே எடுக்காதீர்கள். ஐம்பது மணி நேரக் கதையை முடிவு தெரியாமல் இழப்பது பயமில்லை, வெறும் நஷ்டம்.

பால்டர்ஸ் கேட் 3-இன் ஹானர் மோட் 2023 நவம்பர் கடைசியில் வந்தது. ஒரே சேவ், பாஸ்களுக்கு லெஜண்டரி ஆக்‌ஷன் என்ற கூடுதல் திறமைகள். ஒரு சுற்று முடித்து, எந்த இடத்தில் யார் பாய்வார்கள் என்று தெரிந்த பிறகு எடுத்தால் பிரமாதம், தெரிந்துகொண்டது ஒவ்வொன்றும் அங்கே எடுபடும். எடுப்பதென்றால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: பெரிய சண்டை எதிலும் உங்கள் குழுவின் நான்கு பேரையும் உள்ளே விடாதீர்கள். ஒருவரைக் கூட்டத்திலிருந்து பிரித்து, சண்டைக்கு எட்டாத தூரத்தில் நிறுத்துங்கள். மற்ற மூவரும் விழுந்தாலும் அவர் முகாமுக்குத் திரும்பி, அங்கே இருக்கும் விதர்ஸ் என்பவரிடம் தலைக்கு 200 தங்கம் கொடுத்து எல்லோரையும் எழுப்பிவிடலாம். ஆகவே எவ்வளவு ஆசை வந்தாலும் தங்கத்தில் 600-ஐ மட்டும் கடைக்காரர்களிடம் செலவழிக்காதீர்கள்.