பெலம் பிட் மாட்டுறீங்களா? செயின்லதான் எல்லாமே இருக்கு

பெலம்னா குதிரை வாய்ல மாட்டுற ஒரு வகைக் கடிவாள இரும்பு (பிட்). முதல்ல பேரு. எழுத்துல பெல்ஹாம்தான், ஆனா இங்கிலாந்துல குதிரைக்காரங்க பெலம்னுதான் சொல்லுவாங்க, நடுவுல இருக்க 'ஹ' முழுங்கிடும். குடும்பப் பேரும் அதேதான், 1743லேர்ந்து 1754 வரைக்கும் பிரதமரா இருந்த ஹென்றி பெலம் அந்தப் பேருக்காரர்தான், ஹார்ட்ஃபர்ட்ஷயர்ல பிரென்ட் பெலம், ஸ்டாக்கிங் பெலம்னு ஊருங்களும் இருக்கு. அதனால நெட்ல தேடுறப்போ 'பிட்' சேத்துத் தேடுங்க, இல்லன்னா பிரதமர்தான் வந்து நிப்பாரு.

இந்தக் கடிவாள இரும்போட வேலை ரெண்டு: ஸ்னாஃபிள் (இழுத்தா வாயில நேரா அழுத்துறது), கர்ப் (நெம்புகோல் மாதிரி, செயினோட சேந்து தாடையையும் அழுத்துறது), ரெண்டும் ஒண்ணுலயே. மேல் வளையத்துல தலைப்பட்டை, நடுவுல பெரிய வளையத்துல ஸ்னாஃபிள் ரெயின் (ரெயின்னா கையில பிடிக்குற வார், இது அகலமானது), அடியில இருக்க சின்ன வளையத்துல கர்ப் ரெயின் (ஒல்லியானது). இரும்பு உதட்டோரத்தை ஒட்டி இருக்கணும், ஆனா கிள்ளக் கூடாது.

இப்ப செயின், அதாவது தாடைக்கு அடியில போற கர்ப் சங்கிலி. குதிரையோட வலது பக்க ஹூக்குல மாட்டிட்டு, எல்லாக் கண்ணியும் தட்டையாப் படியுற வரைக்கும் கடிகார முள் சுத்துற பக்கமாவே முறுக்கிட்டே வாங்க, நடுவுல தனியா தொங்குற சின்னக் கண்ணி கீழ்ப்பக்கமா வரணும், அப்புறம் இடது ஹூக்குல மாட்டுங்க. தாடைக்கு அடியில ஒரு பள்ளம் இருக்கும்ல, விரல் வெச்சுப் பாத்தாலே தெரியும், அங்கதான் செயின் உக்காரணும். நான் முதல் தடவை ரெண்டு கண்ணி முறுக்கோட மாட்டிட்டு, குதிரை தலையைத் தலையை ஆட்டுதேன்னு அது மேல எரிஞ்சு விழுந்தேன். பாவம், தப்பு என்னோடது.

எவ்ளோ டைட்? கர்ப் ரெயினை மெதுவா இழுங்க, பக்கக் கம்பி சுமார் 45 டிகிரி பின்னாடி சாயுறப்போ செயின் தாடையைப் பிடிக்கணும். அதுக்கு முன்னாடியே பிடிச்சா ஒரு கண்ணி லூஸ் பண்ணுங்க.

ரெண்டு ரெயின் குழப்புதுன்னா, ரெண்டு வளையத்தையும் சேக்குற தோல் பட்டை கிடைக்கும், ஒரே ரெயின் போதும், குழந்தைங்களுக்கு ஓகே. ஆனா ஸ்னாஃபிளைத் தனியா, கர்ப்பைத் தனியா பிடிக்குற வசதி போயிடும், அப்புறம் பெலம் எதுக்குன்னு எனக்குத் தோணும். ரெண்டும் பிடிக்கிறவங்க ஸ்னாஃபிளைச் சுண்டு விரலுக்கு வெளிய விடுங்க, கர்ப்பைச் சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவுல. பழகும்போது கர்ப் கொஞ்சம் தொங்கட்டும்.

கழட்டுறப்போ இடது பக்க ஹூக்கை முதல்ல எடுங்க, அப்புறம்தான் தலைப்பட்டை. மறந்துட்டா இரும்பு பல்லுல மாட்டி இழுக்கும், அடுத்த நாள் குதிரை வாயே தொறக்காது.