கட்சிப் பெயர் இல்லாத வாக்குச்சீட்டு: அமெரிக்க மாநகர மன்ற முடிவுகளை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் முடிவு என்றதும் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று கூட்டிப் பார்ப்பது நமக்குப் பழகிப்போன கணக்கு. லாஸ் ஏஞ்சலிஸ், சியாட்டில், சிகாகோ, பாஸ்டன் ஆகிய அமெரிக்க நகரங்களின் மாமன்றத் தேர்தல்களில் அந்தக் கணக்கைத் தொடங்கவே இயலாது. அங்கே வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரோடு கட்சிப் பெயர் அச்சிடப்படுவதில்லை. அதற்காக, கட்சிகள் எட்டிப்பார்க்காத தேர்தல் என்று அதைக் கருதிவிடுவது முதல் தவறு. நம் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலும் சட்டப்படி கட்சி அடிப்படையில் நடப்பதில்லை. ஆயினும் யார் எந்தக் கட்சிக்காரர் என்பது ஊருக்கே தெரியும். புனேயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த க்ஷமா சாவந்த், 2013இல் சியாட்டில் மன்றத்துக்குப் போட்டியிட்டபோது, தாம் சோஷலிஸ்ட் ஆல்டர்நேட்டிவ் என்ற இடதுசாரி அமைப்பைச் சேர்ந்தவர் என்பதை வெளிப்படையாகச் சொல்லியே வாக்குக் கேட்டார். இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: எல்லா அமெரிக்க நகரங்களிலும் இதே முறைதான் என்று நினைப்பது. நியூயார்க் மாநகர மன்றத்தின் 51 இடங்களுக்கும் கட்சி அடிப்படையிலேயே தேர்தல் நடக்கிறது.

அடுத்து, எந்தச் சுற்றின் முடிவைப் பார்க்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் முதற்சுற்றிலேயே பாதிக்கு மேல் வாக்குப் பெற்றவர் வென்றுவிடுகிறார். எவரும் அதை எட்டாவிட்டால்தான் முதல் இருவர் நவம்பரில் மோதுவார்கள். சென்னையில் ‘ட்ரான்ஸ்பரன்ட் சென்னை’ என்ற ஆய்வு முயற்சியைத் தொடங்கிய நித்யா ராமன், 2020 மார்ச் முதற்சுற்றில் அப்போதைய உறுப்பினர் டேவிட் ரியூவுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்து, நவம்பரில் அவரைத் தோற்கடித்தார். 2024இலோ முதற்சுற்றிலேயே பாதியைச் சற்றே தாண்டியதால், நவம்பரில் அந்தத் தொகுதிக்குத் தேர்தலே இல்லை. அவ்வாண்டின் நவம்பர் முடிவுகளில் அவர் பெயரைத் தேடிவிட்டு, பதவி போய்விட்டதென்று முடிவு செய்பவர் ஏமாந்துதான் போவார். சியாட்டிலின் விதி வேறு: ஆகஸ்ட் முதற்சுற்றில் ஒருவர் பாதிக்கு மேல் பெற்றிருந்தாலும், இரண்டாம் இடத்தவரை நவம்பரில் மீண்டும் சந்தித்தே தீர வேண்டும். சிகாகோவின் 2023 மேயர் தேர்தலும் கட்சிச் சார்பற்றதே. பிப்ரவரியில் முதலிடம் பிடித்த பால் வாலஸ், ஏப்ரலில் பிராண்டன் ஜான்சனிடம் தோற்றார்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தேர்தல் நாள் இரவில் வரும் எண்ணை முடிவென்று நம்புவது. சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் தேர்தல் பெரும்பாலும் அஞ்சல் வழியாகவே நடக்கிறது. தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழுந்த வாக்குச்சீட்டு சில நாள் கழித்து வந்து சேர்ந்தாலும் செல்லும். ஆகவே முதல் இரவில் நாம் காண்பது முன்னதாக வாக்களித்தவர்களின் மனப்போக்கு மட்டுமே. சியாட்டிலில் இளைஞர்களும் வாடகைக் குடியிருப்போரும் பெரும்பாலும் கடைசி நேரத்தில் வாக்களிப்பதால், பின்னர் எண்ணப்படும் வாக்குகள் இடதுசாரிப் பக்கம் சாய்வது வழக்கம். 2013இல் நெடுநாள் உறுப்பினரான ரிச்சர்ட் கான்லின் முதல் இரவில் முன்னிலையில் இருந்தார். நாள்தோறும் இடைவெளி சுருங்கிக்கொண்டே போய், இறுதியில் வென்றவர் சாவந்த். 2019இலும் முதல் இரவில் ஏறக்குறைய 8 சதவீதப் புள்ளிகள் பின்தங்கியிருந்த அவரே சுமார் 4 புள்ளிகள் வித்தியாசத்தில் வென்றார். லாஸ் ஏஞ்சலிஸின் 2022 மேயர் முதற்சுற்றிலும் இதே கதைதான்: ஜூன் 7 இரவில் ரிக் கருசோ முந்தியிருந்தார், எண்ணி முடித்தபோது கேரன் பாஸ் ஏறத்தாழ 7 புள்ளிகள் முன்னே இருந்தார். இத்தனைக்குப் பிறகும் முதல் இரவிலேயே ‘வெற்றி’ என்று தலைப்பிடும் செய்திகளைக் காணும்போது, அவசரம் யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாந்து நகரங்களில் வாக்காளர் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்கிறார். குறைந்த வாக்குப் பெற்றவர் நீக்கப்பட, அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாறும். 2010 ஓக்லாந்து மேயர் தேர்தலில் முதல் விருப்ப வாக்குகளில் டான் பெராட்டாவுக்கு மிகவும் பின்தங்கியிருந்த ஜீன் குவான் இப்படித்தான் வென்றார். முதல் சுற்று எண்ணிக்கையை மட்டும் பார்த்தவருக்கு இது மோசடி போலத் தோன்றும்; விதி தெரிந்தவருக்கு அப்படித் தோன்றாது.

பாஸ்டனில் சதவீதமே குழப்பும். அங்குள்ள 13 உறுப்பினர்களில் நால்வர் நகரம் முழுவதற்கும் பொதுவானவர்கள். அந்த இடங்களுக்கு ஒவ்வொருவரும் நான்கு பேர் வரை தேர்ந்தெடுக்கலாம். சதவீதம் பதிவான மொத்த வாக்குகளைக் கொண்டு கணக்கிடப்படுவதால், 15 சதவீதம் பெற்றவரை 85 சதவீத மக்கள் நிராகரித்தனர் என்று சொல்வது தவறு. அங்கே பார்க்க வேண்டியது நான்காம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் உள்ள இடைவெளி. 2019இல் மறு எண்ணிக்கைக்குப் பின் ஜூலியா மெஹியா பெற்றவை 22,492 வாக்குகள். ஐந்தாவதாக வந்தவர் பெற்றவை 22,491.