கல்லூரியில் சேரும் முன்பும் முதல் ஆண்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான நாளிலிருந்து கல்லூரியின் முதல் பருவத் தேர்வு முடியும் வரையிலான ஏழெட்டு மாதங்களில், ஒரு மாணவரின் அடுத்த சில ஆண்டுகளைத் தீர்மானிக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை எடுக்கப்பட்டுவிடுகின்றன. பட்டம் பெற்ற அண்ணனோ அக்காவோ வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு, எதை எப்போது யாரிடம் கேட்க வேண்டும் என்பது சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைக்கோ, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று இருக்கிறது என்பதே தெரிவதில்லை. நல்ல மதிப்பெண் எடுத்த, உழைக்கத் தயங்காத மாணவர்கள் முதல் ஆண்டில் தடுமாறுவதற்கு, உரிய நேரத்தில் கேட்காமல் விட்டதே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. பதினேழு வயதில் என்னை யாரேனும் எதிரில் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று நான் எண்ணுபவற்றை, தமிழ்நாட்டின் பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகளை மனத்தில் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

கல்லூரியில் காலடி வைக்கும் முன்பே நேரும் தவறு, கலந்தாய்வின் விருப்பப் பட்டியலில் இருக்கிறது. நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்ட பிறகு, கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணே பொறியியல் தரவரிசையை முடிவுசெய்கிறது. 2018 முதல் இணையவழியில் நடக்கும் கலந்தாய்வில், தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவரின் பட்டியலும் மேலிருந்து கீழாகப் பார்க்கப்பட்டு, இடம் காலியாக உள்ள முதல் விருப்பம் அவருக்கு ஒதுக்கப்படுகிறது. இதை அறியாத பல குடும்பங்கள், "கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டால் கிடைப்பதும் போய்விடும்" என்று அஞ்சி, எளிதில் கிடைக்கக்கூடிய கல்லூரியை உச்சியில் வைத்துவிடுகின்றன. அப்படி வைத்தால் அந்தக் கல்லூரியே கிடைக்கும். அதைவிடச் சிறந்த ஒன்றில் அந்த மாணவரின் மதிப்பெண்ணுக்கு இடம் இருந்திருந்தாலும் பட்டியல் அதுவரை இறங்கிச் செல்லாது. உண்மையில் எதை அதிகம் விரும்புகிறீர்களோ அதையே முதலில் வைத்து, கீழே போகப் போகப் பாதுகாப்பான இடங்களைச் சேர்த்துக்கொண்டே செல்ல வேண்டும். பட்டியலைப் பத்துப் பதினைந்து இடங்களோடு நிறுத்திவிடுவதும் ஆபத்தானது, ஏனெனில் எழுதியவை அனைத்தும் நிரம்பிவிட்டால் அந்தச் சுற்றில் எதுவுமே கிடைக்காமல் போகும். ஒரே மாதிரியான பெயர்களைக் கொண்ட கல்லூரிகள் நம் மாநிலத்தில் நிறைய இருப்பதால், பெயரை மட்டும் பார்க்காமல் கல்லூரியின் குறியீட்டு எண்ணையும் மாவட்டத்தையும் இருமுறை சரிபார்ப்பது நல்லது.

எந்தக் கல்லூரி என்ற கேள்விக்கு விளம்பரப் பலகையில் விடை தேடுவது அடுத்த தவறு. பலகையில் அச்சிடப்படுவது ஒரே ஒரு மாணவர் பெற்ற உச்ச ஊதியம். நீங்கள் கேட்க வேண்டியது, நீங்கள் சேரவிருக்கும் துறையில் சென்ற ஆண்டு எத்தனை பேர் வேலைவாய்ப்புத் தேர்வுக்குப் பதிவு செய்தனர், அவர்களுள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவிலுள்ள மாணவர் பெற்ற ஊதியம் என்ன என்பவை. ஒருவரே மூன்று நிறுவனங்களில் தேர்வானால் அது மூன்று வேலைவாய்ப்புகளாக எண்ணப்படுவதும் உண்டு என்பதால், எண்ணிக்கை நிறுவன வாய்ப்புகளைக் குறிக்கிறதா மாணவர்களைக் குறிக்கிறதா என்று தெளிவாகக் கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. அதைப் பார்க்க ஒரு மணி நேரம் செலவிடுவது, நான்கு ஆண்டுகளுக்கான முடிவுக்கு மிகச் சிறிய விலை. முடிந்தால் வகுப்பு நடக்கும் ஒரு நாளில் நேரில் சென்று, வரவேற்பறையில் பேசுவதோடு நிற்காமல், வெளியே பேருந்துக்காக நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடமும் பேசுங்கள். ஆய்வகம் திறந்திருக்கிறதா, ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்கிறார்களா என்பதை அவர்களைப் போல் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவது பல வீடுகளில் கடனாக முடிகிறது. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழைக் கலந்தாய்வுக்கு முன்பே இ-சேவை மையம் வழியாக வாங்கிவிட வேண்டும்; அதற்கான கல்விக் கட்டணச் சலுகை கலந்தாய்வு மூலம் சேர்பவர்களுக்கே உரியது, கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டுப் பிறகு கேட்டால் கிடைக்காது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அத்தகைய மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. கல்விக் கடன் வாங்குவோர் ஒன்றை மறக்கக் கூடாது: படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும், வட்டி பணம் பெற்ற நாளிலிருந்தே ஏறத் தொடங்கிவிடுகிறது. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் போன்ற அசல்களைக் கல்லூரி தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது என்றும், குறித்த காலத்துக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்துள்ளது. இதை அறிந்த பெற்றோர் அலுவலகத்தில் பணிவோடும் உறுதியோடும் பேச முடியும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நான் கருதும் முதல் பருவத்துக்கு வருகிறேன். தமிழ்வழியில் படித்து 180, 190 கட்-ஆஃப் எடுத்த ஒரு மாணவர், முதல் வாரத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் உட்கார்ந்து, ஒன்றும் புரியவில்லை என்று அஞ்சி, தனக்குத் திறமை இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். இந்த முடிவு தவறானது, மிகவும் கொடுமையானதும்கூட. அணிகள், வகையிடல், தொகையிடல், திசைவேகம், முடுக்கம் ஆகியவற்றை அவர் ஏற்கெனவே நன்றாகப் படித்துத் தேர்வில் எழுதியும் இருக்கிறார். அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் மட்டுமே அவருக்குப் புதியவை. கல்லூரி தொடங்கும் முன் கிடைக்கும் விடுமுறையில், பாடநூல் கழகத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணித, இயற்பியல் நூல்களின் ஆங்கிலப் பதிப்பை இணையத்தில் இலவசமாக இறக்கி, தமிழ்ப் பதிப்போடு பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால், தெரிந்த பாடத்தின் வழியாகவே ஆங்கிலக் கலைச்சொற்கள் வந்து சேரும். ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் வகுப்புக்குப் பணம் கட்டுவதைவிட இது அந்த நேரத்தில் அதிகம் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

வகுப்பில் சந்தேகத்தை ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாததால் கேட்காமலே இருந்துவிடுவது, நான் அறிந்த தவறுகளில் மிக அதிகமான இழப்பைத் தருவது. நாற்பது பேருக்கு முன் எழுந்து கேட்க முடியவில்லையென்றால், வகுப்பு முடிந்து வெளியே வரும் ஆசிரியரிடம் தமிழிலேயே, "சார், இந்த இரண்டாவது வரி எப்படி வந்தது?" என்று கேளுங்கள். அவர்களில் பலர் அதே வழியில் படித்து வந்தவர்கள். முதல் மாதத்தில் நான்கு முறை இப்படிக் கேட்ட மாணவரின் முகமும் பெயரும் ஆசிரியரின் நினைவில் நிற்கும். பிறகு பயிற்சிக்கான பரிந்துரைக் கடிதம் கேட்கும்போதும், உடல்நலக் குறைவால் வகுப்பைத் தவறவிடும்போதும், அந்த அறிமுகம் மிகவும் துணை நிற்கும்.

பள்ளித் தேர்வு முறையைக் கல்லூரிக்கும் கொண்டுசெல்வது இன்னொரு தடுமாற்றம். நூலின் பின்பக்க வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்து நூற்றுக்கு நூறு வாங்கிய பழக்கம் இங்கே முழுமையாக உதவாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் ஓர் எழுத்துத் தேர்வுப் பாடத்துக்கு 40 மதிப்பெண் பருவத்தின் இடையே கல்லூரி செய்யும் அகமதிப்பீட்டிலிருந்தும் 60 மதிப்பெண் பருவத் தேர்விலிருந்தும் வருகின்றன. ஆகவே, "கடைசி மாதத்தில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்" என்பவர் பருவத் தேர்வு தொடங்கும் முன்பே ஒரு பெரும் பகுதியை இழந்திருப்பார். பத்து இரு மதிப்பெண் வினாக்கள், ஐந்து பதின்மூன்று மதிப்பெண் வினாக்கள், ஒரு பதினைந்து மதிப்பெண் வினா என்ற வினாத்தாள் அமைப்பைத் தெரிந்துகொண்டு, முந்தைய ஆண்டு வினாத்தாள்களை முதல் மாதத்திலேயே மூத்த மாணவர்களிடம் வாங்கிவையுங்கள். தேர்வைத் தானே நடத்தும் தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் விதிகள் வேறுபடும். அவற்றை முதல் வாரத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் பருவத்தின் கணிதத்தில் விழும் ஓர் அரியர், அதாவது தேர்ச்சி பெறாமல் மீண்டும் எழுத வேண்டிய தேர்வு, அத்தோடு நிற்பதில்லை. இரண்டாம் பருவத்தின் கணிதம் அதன் தொடர்ச்சி என்பதால், அடித்தளம் இல்லாமலே அடுத்ததைப் படிக்க நேர்கிறது. அரியர் தேர்வும் புதிய தேர்வும் ஒரே மாதத்தில் வருகின்றன. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் பல, நிலுவையில் அரியர் உள்ளவர்களை விண்ணப்பிக்கவே அனுமதிப்பதில்லை. எதிர்பாராமல் தோல்வி வந்தால், வீட்டில் மறைத்துவிட்டு அடுத்த வாய்ப்புக்காகக் காத்திருக்காமல், விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து, அதைப் பாட ஆசிரியரிடம் காட்டி, மறுமதிப்பீடு கேட்கலாமா என்று அறிவுரை பெறுங்கள். இதற்கான கால அவகாசம் சில நாட்களே என்பதால், அழுது தீர்ப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டியிருக்கும். வருகைப் பதிவும் இதைப் போன்றதே: பொதுவாக 75 சதவீதம் தேவை, அதற்குக் குறைந்தால் மருத்துவக் காரணங்களுக்கு மட்டும் ஓரளவு தளர்வு உண்டு. நோய்வாய்ப்பட்டால் மருத்துவச் சான்றிதழை உடனே கொடுத்துவிட வேண்டும். பருவத்தின் முடிவில் கொண்டுபோய்க் கொடுத்தால் மதிப்பு இருக்காது.

ராகிங்கைச் சகித்துக்கொள்வது துணிச்சல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தமிழ்நாடு 1997இலேயே அதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணில் எந்நேரமும் புகார் செய்யலாம்.

கலை அறிவியல் கல்லூரியில் சேர்ந்தவர்கள், "பொறியியல் கிடைக்காததால் இங்கே வந்தேன்" என்ற மனக்குறையோடு மூன்று ஆண்டுகளையும் கழிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. இயற்பியலோ வேதியியலோ கணிதமோ படிக்கும் பி.எஸ்சி. மாணவர், 'ஜாம்' என்னும் தேர்வை எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம். நம் சிறு நகரங்களில் பலருக்கு இந்தப் பெயர் மூன்றாம் ஆண்டில்தான் காதில் விழுகிறது. அதற்குள் விண்ணப்பக் காலம் கடந்துவிடுகிறது. இந்திய அறிவியல் அகாதமிகள் இணைந்து வழங்கும் கோடைகால ஆய்வுப் பயிற்சிக்கும், பயிற்சி நடக்கும் கோடைக்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். என்.பி.டி.இ.எல். என்னும் இணையதளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் பாடங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். முதல் ஆண்டில் ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் என்று முழுமையாக முடிப்பது, ஐந்தைத் தொடங்கிப் பாதியில் விடுவதைவிட மேலானது.

விடுதிக்குச் செல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் ஆறு வாரங்களில் வீட்டு நினைவு வந்து தூக்கம் கெடுவது இயல்பு, பெரும்பாலோருக்கு அது தணிந்துவிடும். ஆனால் சாப்பாடு பிடிக்காமல், வகுப்புக்குப் போக மனமில்லாமல், யாரிடமும் பேசப் பிடிக்காமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதைத் தனியே சுமக்கக் கூடாது. 2022இல் தொடங்கப்பட்ட டெலி மனஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416. கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். பெற்றோர் இந்த இரண்டு எண்களையும் பிள்ளையின் கைப்பேசியில் முதல் நாளே பதிந்து கொடுத்து, எந்த மதிப்பெண் வந்தாலும் வீட்டுக்குத் தயங்காமல் சொல்லலாம் என்பதையும் அதே நாளில் வாய்திறந்து சொல்லிவிட வேண்டும்.