அப்பாவுக்கு டயாலிசிஸ், மகளுக்குப் பத்தாம் வகுப்பு: இந்தக் கதையை எப்படி எழுதுவது

பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கதை எழுத உட்கார்ந்தால், "அப்பாவுக்கு ஒரு பெரிய வியாதி" என்று மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். என்ன வியாதி என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு டைம்டேபிள் இருக்கிறது. புற்றுநோய்க்குக் கீமோ என்றால் பல மருந்துகளை 21 நாளுக்கு ஒரு முறை ஏற்றுவார்கள், நடுவில் சில நாள் ரத்த அணுக்கள் குறைந்து, லேசாகக் காய்ச்சல் அடித்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு 2 அல்லது 3 நாள், ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணி நேரம், போக வர நேரம் தனி. இது பிள்ளையின் ஸ்கூல், டியூஷன், பரீட்சையோடு எங்கே முட்டுகிறதோ அங்கேதான் கதை இருக்கிறது.

நான் டயாலிசிஸை வைத்தே சொல்கிறேன். எனக்குப் பதினைந்து வயதில் எங்கள் அப்பாவுக்கு அது நடந்தது, வீடு மும்பை சயானில். நோயாளி வீட்டைக் காட்ட நிறையப் பேர் மாத்திரை டப்பாவையும் இருமலையும் எழுதுகிறார்கள். நீங்கள் அடுப்படிக்குப் போங்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்குத் தண்ணீர் அளவுதான், பலருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டரை ஒட்டித்தான் இருக்கும், அதில் ரசமும் மோரும் காபியும் அடக்கம். பொட்டாசியம் ஏறிவிடும் என்பதால் இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, காயை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். மே மாத மும்பைப் புழுக்கத்தில், அப்பா ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மகள் ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்தவள் அவர் முன்னால் குடிக்க மனசு வராமல் பாத்ரூமுக்குள் போய்க் குடிக்கிறாள். இதை எழுதினால் போதும், "அவள் அப்பாவை மிகவும் நேசித்தாள்" என்ற வரி தேவைப்படாது.

அப்புறம் உடம்பு. ஆரம்பத்தில் பலருக்குக் கழுத்தில் குழாய் போட்டிருப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் கண் அங்கேயேதான் நிற்கும். பிறகு டயாலிசிஸ் ஊசி போட வசதியாகக் கையில் சிரை, தமனி என்ற இரண்டு ரத்தக் குழாய்களையும் இணைத்து ஃபிஸ்டுலா வைப்பார்கள், அது பக்குவமாக வாரக்கணக்கில் ஆகும். பக்குவமான பிறகு அங்கே விரலை வைத்தால் உள்ளே என்னவோ உறுமுகிற மாதிரி அதிரும். அப்பா தூங்கும்போது மெதுவாக விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் படுப்பேன்.

மும்பைத் தமிழ்க் குடும்பத்தை எழுதுகிறீர்கள் என்றால் ஒரு காட்சியை மட்டும் தவறவிடாதீர்கள், அதுதான் இந்த ஊருக்கே உரிய காட்சி. தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ இருக்கும் அம்மாவுக்குக் கடைக்குப் போகிற அளவு இந்தி தெரியும், டாக்டர் பேசுகிற இந்தி பிடிபடாது. டாக்டர் "தோனோ கிட்னி காம் நஹி கர் ரஹி ஹை" என்கிறார், ரெண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்று. அம்மா மகள் முகத்தைப் பார்க்கிறாள், "என்னட்டி சொல்லுதாரு?" திருநெல்வேலிப் பேச்சு இன்னும் போகவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். எதைச் சொல்வாள், எதை விழுங்குவாள்? "ரெண்டும்" என்பதை விட்டுவிட்டு "கிட்னி கொஞ்சம் சரியில்லையாம்மா" என்கிறாள். அந்த ஒரு சொல்லை மறைத்ததை அவள் எத்தனை நாள் தாங்குகிறாள் என்பதே பாதி நாவல். இந்தக் காட்சியை அவசரமாகக் கடக்காதீர்கள், நான்கு பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் "நீ போய்ப் படி" என்று பிள்ளையிடம் நோயை மறைப்பார்கள், இங்கே பிள்ளைக்குத்தான் எல்லாருக்கும் முன்னால் தெரிந்துவிடுகிறது.

அவளுக்குக் கெட்ட எண்ணமும் வரட்டும். டயாலிசிஸ் முடிந்து அப்பா களைத்துப் போய்ப் படுத்தால் வீட்டில் சத்தம் கூடாது, தோழி வரக் கூடாது, டி.வி. கூடாது. "இன்னைக்கு ராத்திரி அப்பா ஆஸ்பத்திரியிலயே இருந்தா நல்லாருக்கும்" என்று ஒரு நிமிடம் தோன்றும். எழுதுங்கள். ஆனால் தயவுசெய்து, அப்படி நினைத்த தண்டனையாக அடுத்த அத்தியாயத்தில் அப்பாவுக்கு மோசமாக்கிவிடாதீர்கள். தன் நினைப்பால்தான் இப்படி ஆயிற்று என்று ஏற்கனவே ரகசியமாக நம்பிக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளை உங்கள் கதையைப் படிக்கும். அந்த வயதில் நான் நம்பினேன்.

தோழிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஒருத்தி நோட்ஸ் கொடுப்பாள், ஒருத்தி என்ன பேசுவதென்று தெரியாமல் விலகிப் போவாள், அது போதும்.

முடிவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மூலிகைச் சாறு குடித்துச் சிறுநீரகம் திரும்ப வேலை செய்தது என்று எழுதவே எழுதாதீர்கள், அதை நம்பி யாராவது டயாலிசிஸை நிறுத்தினால் உயிர் போய்விடும். மகளே தன் சிறுநீரகத்தைக் கொடுத்துக் காப்பாற்றினாள் என்றும் முடிக்க முடியாது: 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி உயிரோடு இருக்கும் கொடையாளிக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். இந்தத் தடையைக் கதைக்குள்ளேயே வைக்கலாம். கொடுக்கத் தயாராக வந்து நிற்கிற பதினைந்து வயதுப் பெண்ணிடம் டாக்டர் வயதைக் கேட்கிறார், இந்தத் தடவை அம்மாவுக்கு அவள் ஒரு சொல்லையும் விடாமல் மொழிபெயர்க்கிறாள். அப்பா சாகவும் வேண்டாம், குணமாகவும் வேண்டாம், செவ்வாய்க்கிழமை மறுபடி போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

எழுதி முடித்ததும் டயாலிசிஸ் டெக்னீஷியன் ஒருவரிடம் மருத்துவப் பகுதியை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள். ஃபிஸ்டுலா உள்ள கையில் நர்ஸ் பி.பி. பார்ப்பதாக எழுதியிருந்தால் அவர் உங்களை அந்த வரியிலேயே நிறுத்திவிடுவார், அந்தக் கையில் பி.பி. பார்க்கவே கூடாது.